கேளாததையும் சொல்ல வேண்டுமா?

வணிகர் பாடம்: பழைய காடியும் ஐபின் சட்டமும்

 

லூமுட்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபொழுது, சங்கத்து அன்பர் ஒருவர் நம்மை ஒருபுறம் அழைத்து ஒரு சங்கதி கேட்டார். அவர் மகனிடம் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காடி ஒன்று இருந்தது. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த வகை; 1.8 லிட்டர் எஞ்சின். வேகப்பிரியர்களான வாலிபர்கள் இன்றும் தேடித்திரிவது. சித்தியவான் சாலையில் ஒரு மழையிரவில் அக்காடி விளக்குக் கம்பத்தில் மோதி, முன்பக்கம் நசுங்கிப்போயிற்று. பட்டறையில் சீர்செய்து புதுப் பெயிண்டும் அடித்தார்கள். இப்பொழுது எவர் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கடற்படைத் தளத்தில் பணிபுரியும் வாலிபர் ஒருவர் 28,000 வெள்ளிக்குக் கேட்கின்றாராம்.

“விபத்து நடந்ததா என்று அந்தத் தம்பி கேட்கவே இல்லை. கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். கேட்காததை நானே வலியப்போய்ச் சொல்ல வேண்டுமா?” என்பதே அன்பரின் கேள்வி.

இஃது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. துணி விற்பவருக்கும், மளிகை விற்பவருக்கும், வீடு விற்பவருக்கும் வரக்கூடிய கேள்வி. ஆகவே இத்திங்கள் பாடமாக இதனையே எடுத்துக்கொண்டோம்.

ஐபு என்பது யாது?

சரக்கிலுள்ள குறையை மார்க்கச் சட்ட நூல்கள் “ஐபு” என்று கூறும். எது குறை, எது குறையன்று என்று தீர்மானிப்பது எப்படி? ஹனபீ இமாம்கள் இதற்குச் சொல்லும் அளவுகோல் வணிகர்களாகிய நமக்கு மிக எளிதில் விளங்கும். அத்தொழிலைச் செய்யும் வணிகர்களின் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ, அதுவே ஐபு. பொருளின் மதிப்பையோ, அது வாங்கப்படும் நோக்கத்தையோ கெடுப்பது எதுவோ அது ஐபு என்பது ஷாபிஈ இமாம்களின் கருத்து.

இவ்வளவுகோலை நம் அன்பரின் காடிமீது வைத்துப் பாருங்கள். “சீர்செய்தாகிவிட்டதே, இனி என்ன குறை?” என்று கேட்கலாம். ஆனால் மோதிச் சீர்செய்த காடி என்று தெரிந்தால் காடி வியாபாரி எவரும் அதே விலை கொடுக்கமாட்டார். விலை குறைகின்றதென்றால் அது ஐபுதான். மேலும், வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்படும் வண்டியில் அடிச்சட்டம் வளைந்திருந்தால் நோக்கமே கெட்டுவிடுகின்றது. இங்கே பணம் மட்டுமன்று, ஓட்டுபவரின் உயிரும் இருக்கின்றது.

தானியமும், மடியும், குளம்பும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தபொழுது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நாயகம் எச்சரித்தார்கள். இச்செய்தி சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவ்வியாபாரி பொய்யொன்றும் சொல்லவில்லை. உலர்ந்ததை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

கறவைப் பிராணியின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி, அதிகம் கறப்பதுபோற் காட்டி விற்பதையும் நாயகம் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவருக்கு மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். விற்கும் நேரத்தில் மட்டும் தேக்கிய நீரைத் திறந்துவிட்டு ஆலையை ஓட்டிக்காட்டுவதையும் ஷாபிஈ நூல்கள் இவ்வினத்திலேயே சேர்க்கின்றன. நசுங்கிய தகட்டின்மேல் பட்டி தடவி, பளபளவென்று பெயிண்டு அடித்து நிறுத்துவது இன்றைய மடிகட்டல் அன்றி வேறென்ன?

நம் அன்பரின் கேள்விக்கு நேர்விடை, வாதிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்னும் நபித்தோழரின் சரித்திரத்தில் கிடைக்கின்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதனை எடுத்துரைக்கின்றார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்திற்கு விற்றார். வாதிலா அருகிலிருந்தும் சற்றுக் கவனியாதிருந்துவிட்டார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனதும், பின்னாலேயே ஓடிச்சென்று, “இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்திற்கா?” என்று வினவினார். பயணத்திற்கு என்று பதில் வந்தது. “இதன் குளம்பில் துளை இருக்கின்றது, தொடர்ந்து நடக்காது” என்று உண்மையை உடைத்துவிட்டார். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைபட்டபொழுது, குறையை விளக்காமல் விற்பது ஆகாது, அறிந்த மற்றவரும் சொல்லாதிருப்பது ஆகாது என்று நாயகத்திடம் தாம் கேட்டதை வாதிலா எடுத்துச் சொன்னார்.

வாங்கியவர் குளம்பைப் பற்றிக் கேட்கவில்லை. வாதிலா விற்றவரும் அல்லர். ஆயினும் சொல்லக் கடமைப்பட்டார். ஆகவே, காடியை விற்பவர் மட்டுமல்லர். தரகரும், பட்டறைக்காரரும், உடனிருந்து அறிந்தவரும் இக்கடமையில் அடங்குவர்.

மறதியாகச் சொல்லாமல் விட்டால்? இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள துணியைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கூறியிருந்தும், அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இமாமவர்கள் அவ்விற்பனைத் தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள்.

நாட்டுச் சட்டம்

இந்நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது. பேசவேண்டிய கடமை இருக்குமிடத்திலேயே ஆகும். சட்டம் இவ்வளவில் நிற்கின்றது. மார்க்கமோ அப்பாலும் செல்கின்றது. நீதிமன்றத்தில் தப்பியவர் மறுமையிலும் தப்பினார் என்று எண்ணவேண்டாம்.

1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தில், பொருளைச் சோதித்து வாங்கியவர், அச்சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்காகப் பின்னர் வழக்காட இயலாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்திற்குக் கடையிலிருந்து வாங்குவோரைக் காக்கின்றது. மறுவிற்பனைக்கு வாங்கும் வியாபாரியைக் காக்காது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரின்றியே கொண்டுசெல்லலாம். தவணைக்கு வாங்குவோர், பழைய வண்டிக்குத் தர உத்தரவாதம் இல்லை என்னும் வாசகம் பத்திரத்தில் உண்டா என்று படித்த பின்னரே கையெழுத்திடுக.

வாங்குவோர் கவனிக்க

பெயர்மாற்றத்திற்கான பி5 பரிசோதனையே போதும் என்று பலர் நம்புகின்றனர். அதன் முக்கிய வேலை எஞ்சின், அடிச்சட்ட எண்களைச் சரிபார்ப்பது. விபத்து வரலாற்றுக்கு அது நற்சான்று ஆகாது. ஆகவே, பின்வருவனவற்றைத் தாமே பார்க்க வேண்டும்.

1. பானெட், மட்கார்டுகளின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு உண்டா? இரு பக்க இடைவெளிகளும் ஒத்திருக்கின்றனவா?

2. பெயிண்டின் தடிப்பை அளக்கும் சிறு கருவி உண்டு. ஆலையில் அடித்த பெயிண்டு பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பன்மடங்கு காட்டினால் அடியில் பட்டி இருக்கின்றது.

3. பின்பெட்டியில் உபரிச் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள், தரைவிரிப்பையும் விலக்குங்கள். இரண்டு வண்டிகளின் பாதிகளை வெட்டி இணைத்ததாயின், குறுக்கே ஓடும் வெல்டிங் கோடு தரையிலும் கூரைத் தூண்களிலும் தென்படும். கடற்காற்று வீசும் நம் ஊரில் அவ்விணைப்புகள் விரைவில் துருவேறும்.

4. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் எவரோ அதனை முடக்கியிருக்கலாம்.

5. நான்கு சக்கர அலைன்மென்ட் அளவுத்தாளைக் கேளுங்கள். அளவு சரிக்கு வர மறுத்தால் அடிச்சட்டமோ, அச்சுப் பாகங்களோ வளைந்திருக்கக்கூடும்.

6. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியாயின் ஏலத்தாளைப் பெற்று, அடிச்சட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 4, 4.5 போன்ற எண்களுக்குப் பதில் “ஆர்” அல்லது “ஆர்.ஏ.” என்றிருந்தால், விபத்திற்குப்பின் சீர்செய்ததென்று பொருள்.

குறை பின்னர் தெரிந்தால்

விற்பனைக்கு முன்பே இருந்த ஐபு பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பிக்கொடுத்து முழு விலையையும் பெறவோ, அதே விலைக்கு வைத்துக்கொள்ளவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு. ஷாபிஈ மத்ஹபில் இவ்வுரிமையை உடனே செலுத்த வேண்டும். தெரிந்த பிறகும் உல்லாசமாக ஓட்டித்திரிந்தால் உரிமை போய்விடும். திருப்பிக் கொடுப்பதற்காக ஓட்டிச் செல்வது வேறு. வாங்கிய மறுநாளே புகைக்குழாயை மாற்றி, தகட்டை வெட்டிவிட்டவர் புதுக்குறை உண்டாக்கியவராவார்; அவர் கட்டாயப்படுத்தித் திருப்பிக்கொடுக்க இயலாது, ஈட்டுத்தொகை கேட்கும் நிலைக்கே வருவார்.

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், எக்குறைக்கும் பொறுப்பில்லை” என்னும் நிபந்தனை, ஷாபிஈ மத்ஹபில் காடி போன்ற உயிரற்ற சரக்கில் விற்றவரை விடுவிக்காது. ஹனபீ மத்ஹபில் அது செல்லும்; எனினும் அறிந்தே மறைத்த பாவம் நீங்காது. தத்தம் நிலையை உலமாப் பெருமக்களிடம் விளக்கித் தீர்ப்புப் பெறுவதே முறை.

அன்பர் செய்தது

இவ்வளவும் கேட்ட அன்பர் சொல்லிவிடுவதென்றே முடிவுசெய்தார். சொல்வதை முறையாகச் சொல்ல வேண்டுமென்று காடியை வேறொரு பட்டறையில் அளந்து பார்த்தார். முன் இடச்சக்கரத்தின் அளவு சரிக்கு வரவே மறுத்தது. முதற்பட்டறை சீர்செய்ததாகச் சொல்லி அவரிடமே மறைத்திருந்தது! அந்த வளைந்த வண்டியில்தான் அவர் மகன் அதுவரை ஓடிக்கொண்டிருந்தான்.

விஷயம் தெரிந்த கடற்படை வாலிபர் நன்றி கூறிப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அன்பர் அடிச்சட்டத்தைச் செம்மையாக இழுத்து நிமிர்த்தினார். மோதிய நாள், மாற்றிய பாகங்கள், பட்டறைப் பில் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரு பிரதிகளில் கையெழுத்து வாங்கி, இரண்டு மாதங்களுக்குப் பின் வேறொருவருக்கு 22,000 வெள்ளிக்கு விற்றார்.

“6,000 வெள்ளி போயிற்றே!” என்றோம் நாம். “போனது உண்மைதான், மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் அந்தத் தாளை எழுதாமல் விற்றிருந்தால், சாலையில் விபத்து என்ற சேதி கேட்கும்போதெல்லாம் யாருடைய காடி என்று நானல்லவா விசாரித்துக்கொண்டிருப்பேன்” என்றார் அன்பர்.

உண்மை பேசிக் குறையை விளக்கும் இருவரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அப்பரக்கத் அழிக்கப்படும் என்பது நாயக வாக்கின் கருத்து. நம் அனைவரின் கொடுக்கல் வாங்கலையும் அல்லாஹுத்தஆலா ஹலாலானதாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.