கலாசாலையில் மறுபாதிப் பாடம்



லூபோக் சீனாக் கடைத்தெருவில் ஒரு சகோதரர் என்னிடம் பெருமையோடு சொன்னார்: “நானா, என் மகன் தங்கமான பிள்ளை. வகுப்பு முடிந்தால் அறை. வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவான். சங்கம், மன்றம் என்று எந்த வம்புக்கும் போகமாட்டான்.”

கேட்ட எனக்கு மகிழ்ச்சியும் உண்டாயிற்று, கவலையும் உண்டாயிற்று. கல்லாவில் வந்து உட்காரும் பிள்ளை கிடைப்பது பாக்கியந்தான். ஆனால், முழு விலையும் கொடுத்துவிட்டுச் சரக்கில் பாதியைக் கிடங்கிலேயே விட்டு வர எந்த வியாபாரி சம்மதிப்பான்? அந்த மறுபாதிச் சரக்கு எது என்று பார்ப்போம்.

1. சங்கம் தரும் பயிற்சி

ஒரு வாலிபன் மாணவர் மன்றத்தின் செயலாளராகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கூட்டத்துக்கு அழைப்பு எழுதவேண்டும். நடந்ததைக் குறிப்பேட்டில் பதியவேண்டும். வரவு செலவுக் கணக்கைச் சபையில் ஒப்புவிக்கவேண்டும். மலாய், சீன மாணவர்களோடு கலந்து வேலை செய்யவேண்டும். ஓட்டெடுப்பில் தோற்றாலும், மறுநாள் முகம் கோணாமல் வென்றவனோடு சேர்ந்து நாற்காலி தூக்கவேண்டும். இவற்றைப் புத்தகம் படித்துப் பெற முடியாது.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையைப் பாருங்கள். 1986-ஆம் ஆண்டு முதல் அது சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வந்திருக்கிறது. அறிவிப்பு, பரிசுப் பணம், நடுவர், அச்சகம், விற்பனை என்று அத்தனையும் அதில் அடங்கும். இது வியாபாரப் பயிற்சியல்லாமல் வேறென்ன?

2. நம்மவர் போட்ட முதல்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கிய காலத்தில், தமிழ் நூலகத்துக்காகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். தொழிலாளரும் கடைக்காரரும் கொடுத்த காசு அங்கே புத்தகமாயிற்று. தமிழகத்திலோ, 1951-இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியை நிறுவிய ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வியாபாரிகளே. கல்விக்கூடம் வெறும் பரீட்சைக் கூடம் என்று எண்ணியவர்கள் இப்படிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

3. அரசியல் பயம்

“மன்றம் என்றால் அரசியல், அரசியல் என்றால் படிப்புக்கு ஆபத்து” என்பார்கள் பெரியவர்கள். இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் 1975-இல் மேலும் இறுக்கப்பட்டபோது மாணவரின் கட்சித் தொடர்புக்குக் கடுந்தடை இருந்தது. 2012-இல் அது தளர்ந்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையையும் நீக்கியது. ஆனால் விவாத மன்றம், இரத்ததான முகாம், பந்தாட்டக் குழு ஆகியவை கட்சியல்ல. பழைய பயத்தை இவற்றின் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

4. அளவு வேண்டும்

எல்லாச் சங்கத்திலும் பெயர் கொடுப்பவன் ஒன்றிலும் உருப்படியாய் உழைக்கமாட்டான். முதல் ஆண்டில் ஒரே சங்கம். அதுவும் சாதாரண அங்கத்தினனாக. இரண்டாம் ஆண்டில் ஒரு பொறுப்பு. இறுதியாண்டில் தன் இடத்துக்கு இளையவன் ஒருவனைப் பழக்கிவிட்டு விலகவேண்டும். பரீட்சைப் புள்ளி குறைந்தால் கணக்கை உடனே திருப்பிப் பார்க்கவேண்டும்.

இத்தனையும் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, “சனிக்கிழமைதான் நல்ல வியாபாரம். கடையில் ஆள் இல்லையே, நானா!” என்றார். அது பொய்யில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இலாபம் குறையும். நான் கேட்டேன்: “நம் ஊர்ச் சங்கத்தில் அடுத்த செயலாளர் யார், தம்பி?” அவர் பதில் சொல்லவில்லை. நரைத்த தலைகளே ஆண்டுக்கு ஆண்டு அந்த நாற்காலியில் அமர்வதை அவரும் அறிவார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகனை விட்டுவிடுவதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.

சிந்திக்க:

உங்கள் பிள்ளை எந்த மன்றத்தில் இருக்கிறான் அல்லது இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

மகளுக்கும் இந்த வாய்ப்பைக் கொடுத்தீர்களா?

இந்த வாரம் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, “என்ன மார்க்கு?” என்று கேட்பதோடு, “யாரோடு சேர்ந்து என்ன செய்தாய்?” என்றும் கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். கடைச்சாவியை மட்டுமல்ல, சங்கத்தின் குறிப்பேட்டையும் நாளை நாம் அந்தக் கையில்தான் கொடுக்கவேண்டும்.