இணையச் சந்தையும் நம் வீட்டுத் தொழிலும்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது அங்கே சந்தை இல்லாமல் இல்லை. பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தை பெரிதாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் முஸ்லிம்களுக்கென்று தனியாக ஓர் இடத்தைத் தேர்ந்து, இங்கே வரி வாங்கக் கூடாது என்று அவர்கள் அறிவித்ததாக ஹதீஸ், வரலாற்று நூல்களில் காண்கிறோம். அந்தச் சந்தையில் யாருக்கும் நிரந்தரமான கடை இல்லை. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முன் வரிசையில் அமர்வது போல, முந்தி வந்தவர் அன்று மாலை வரை அந்த இடத்தில் விற்பார். கையில் முதல் இல்லாதவரும் வியாபாரம் தொடங்க அது வழியாக இருந்தது.

சில மாதங்களாக நம் அறக்கட்டளைக்கு வரும் சகோதரிகள் பலர், “நாமே ஓர் ஆன்லைன் மார்க்கெட் ஆரம்பித்தால் என்ன?” என்று கேட்கிறார்கள். தையல், எம்பிராய்டரி, ஊறுகாய், தொதல் என்று கையில் தொழில் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். அந்தப் பாய்க்கு உலகமெங்கும் பெயர் உண்டு. கோரையை ஊறவைத்து, கிழித்து, நெய்யும் கைக்கு அந்தப் பெயருக்கேற்ற கூலி கிடைக்கிறதா? கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் இந்தப் பாடம்.

இணையக் கடை வேறு, இணையச் சந்தை வேறு. கடைக்காரர் தன் சரக்கைத் தானே விற்கிறார். சந்தை நடத்துபவரிடம் சரக்கு இல்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பதே அவர் வேலை. ஃபிக்ஹ் நூல்களில் ‘ஸிம்ஸார்’ என்று வரும் தரகர் இவர்தான். அவருக்கான கூலி எவ்வளவு என்பது முன்பே இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முகம் தெரியாதவரிடம் எப்படிப் பணம் கொடுப்பது என்பதே இந்தத் தொழிலின் முதல் சிக்கல். 1995ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபேயில் முதலில் விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். உடைந்தது என்று சொல்லியே விற்றார்கள். அடுத்த ஆண்டே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். சீனாவில் அலிபாபா நிறுவனத்தின் தாவ்பாவ் சந்தை வேறு வழியில் போனது. வாங்குபவரின் பணத்தை அலிபே தன்னிடம் வைத்திருந்து, பொருள் சரியாக வந்தது என்று அவர் சொன்ன பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. நம் பேச்சில் சொன்னால் அமானிதம்.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெருநாளுக்கு வாட்ஸ்அப் குழு வழியாக ஒரு சகோதரியின் தொதலுக்கு ஆர்டர் எடுத்தோம். கணவரை இழந்தவர். 40 பெட்டிக்கு ஆர்டர் வந்தது. கைமாற்று வாங்கித் தேங்காயும் கருப்பட்டியும் வாங்கிக் கிண்டினார். பணம் வீட்டில் கொடுக்கும்போது என்று சொல்லியிருந்தோம். 11 பெட்டிகள் திரும்பிவிட்டன. “வேறு இடத்தில் வாங்கிவிட்டோம்”, “சிறிய பெட்டியாக இருக்கிறதே” என்று காரணங்கள். நஷ்டம் யாருடையது என்று நாங்கள் முன்பே பேசிவைக்கவில்லை. குறை அவருடையதல்ல, வாங்க மறுத்தவர்களுடையது மட்டுமல்ல. விதி வகுக்காமல் சந்தை திறந்த எங்களுடையது.

மார்க்கத்தில் இதற்கு விடை எப்போதோ இருக்கிறது. மதீனாவாசிகள் விளைச்சலுக்கு முன்பே பேரீச்சம் பழத்துக்குப் பணம் கொடுத்துவந்தார்கள். அப்படிக் கொடுப்பவர் அளவு, எடை, தவணை மூன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நெறிப்படுத்தியது புகாரியில் பதிவாகியுள்ளது. இது ‘ஸலம்’, முழுத் தொகையையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். செய்துதரச் சொல்லும் பொருளுக்கு ஹனஃபி மத்ஹபில் ‘இஸ்திஸ்னா’ என்று தனி ஒப்பந்தம் உண்டு. அதில் முழுப் பணமும் முன்னால் தருவது கட்டாயமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கும் ஸலமின் நிபந்தனைகளே பொருந்தும். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எதுவானாலும் பெட்டி எத்தனை கிராம், எந்தத் தேதியில் கைக்கு வரும், முன்பணம் எவ்வளவு என்று எழுதாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

இன்னொன்று. மொத்த வியாபாரியின் குழுவிலிருந்து சேலைப் படத்தை எடுத்து, 150 ரூபாய் கூட்டி, ஸ்டேட்டஸில் போட்டு விற்பது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. சேலை விற்பவரின் கையில் இல்லை; அவர் அதைக் கண்ணால் பார்த்ததுமில்லை. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: என்னிடம் இல்லாத பொருளை ஒருவர் கேட்கிறார், விற்றுவிட்டு அப்புறம் கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா? உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்பது பதிலாக வந்தது. இதற்காகத் தொழிலை விட வேண்டியதில்லை. சேலையை வாங்கி, கைக்கு வந்த பிறகு விற்கலாம். அல்லது மொத்த வியாபாரியிடம் பேசி, ஒரு சேலைக்கு இவ்வளவு கமிஷன் என்று அவருடைய வகீலாக விற்கலாம். இரண்டாவதில் முதலும் தேவையில்லை.

படம் போடுவதிலும் கவனம் தேவை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் இருந்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். தையல் பிசகிய இடத்தைப் படத்தில் காட்டிவிடுங்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ தடுக்கப்பட்டது. மச்சி, மாமி, மகள் என்று குடும்பமே ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருவதும் அதற்குத் தூரத்து உறவு அல்ல, நெருங்கிய உறவு.

தொடங்கும்போது லட்சக்கணக்கில் செலவழித்து ஆப் செய்யாதீர்கள். விற்பவர் இல்லாமல் வாங்குபவர் வரமாட்டார். வாங்குபவர் இல்லாமல் விற்பவர் நிற்கமாட்டார். எல்லாப் பொருளும் எல்லா ஊருக்கும் என்று தொடங்கினால் இரண்டு பக்கமும் காலியாகவே இருக்கும். அமேசானும் ஃபிளிப்கார்ட்டும்கூட முதலில் புத்தகம் மட்டும்தான் விற்றன. ஒரே பொருள், சுற்றியுள்ள நான்கைந்து தெரு, பத்து விற்பனையாளர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கணக்கு நோட்டு. ஒரு முறை வாங்கியவர் மறுபடி வாங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள். வாங்கினால்தான் அடுத்த தெரு.

அரசு விதிகளில் சில. வீட்டில் உணவு செய்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். விற்றுமுதல் குறைவாக உள்ள சிறு விற்பனையாளர்கள், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள் இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்க 2023 அக்டோபர் முதல் வழி உள்ளது. பான் அட்டையைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பிறருடைய சரக்குக்குப் பணம் வசூலிக்கும் சந்தை நடத்துநருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தே ஆக வேண்டும். ஆகவே குழு பெரிதாகும் முன் கணக்காளர் ஒருவரைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி வாங்கியவர் புகார் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு 11 பெட்டிகளின் விலையை அறக்கட்டளையிலிருந்து கொடுத்துவிட்டோம். அடுத்த பெருநாளுக்கு இன்ஷா அல்லாஹ் அவர் மறுபடி கிண்டுகிறார். இம்முறை ஆர்டர் சீட்டு அச்சடித்திருக்கிறோம்: எடை, தேதி, முன்பணம், திருப்பினால் என்ன என்று நான்கு வரி. கையெழுத்துக்கு இடம் உண்டு. வேறு தொழில் செய்பவர்களும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளலாம்.