வெள்ளை ஒயினுக்கு வயதானால் என்ன ஆகும்?

கேள்வி: தென்னாப்பிரிக்க ஒயின் ஏலப் பட்டியல் ஒன்றில் ‘பல்லேடியஸ் 2009’ என்ற வெள்ளை ஒயினைப் பார்த்தேன். படத்தில் தேன் நிறமாக இருந்தது. வெள்ளை ஒயினைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும் என்பார்களே, இது கெட்டுப்போன சரக்கு இல்லையா?

பதில்: உங்கள் சந்தேகம் பாதி சரி. கடையில் கிடைக்கும் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்துத் தீர்ப்பதற்கென்றே தயாராகின்றன. சிக்கல் மீதிப் பாதியில். சிவப்பு ஒயினில் டானின், அதாவது திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள், நிறைய இருப்பதால் அது நீடிக்கும், வெள்ளை நீடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். அது மட்டும்தான் காரணம் என்றால், பிரான்ஸின் வூவ்ரே ஒயின்கள் பல பத்தாண்டுகள் தாங்குவது எப்படி? அவை செனின் பிளாங்க் திராட்சையில் ஆனவை. பல்லேடியஸ் கலவைக்கும் அதுவே முதுகெலும்பு.

உண்மையான காவலாளி அமிலம். அதிலும் முக்கியமாக டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் இதுதான். புளிப்பு மிகுந்த ஒயினில், பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு கொஞ்சமே இருந்தாலும் வீரியமாக வேலை செய்யும். கிருமிகளும் லேசில் தலைதூக்கா. ஈபன் சேடி என்பவர் 2002 அறுவடையிலிருந்து பல்லேடியஸைத் தயாரிக்கும் தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்ட், வெயில் கொளுத்தும் வறண்ட பூமி. அங்கே பல திராட்சை வகைகள் பழுப்பதற்குள் புளிப்பை இழந்துவிடும், செனின் விட்டுக்கொடுக்காது. கலவையில் அது புளிப்பைத் தாங்க, கிரெனாஷ் பிளாங்க் திராட்சை கனத்தையும் வியோன்யே மணத்தையும் சேர்க்கின்றன.

இன்னொரு காரணம் கொடிகளின் வயது. வயதான கொடி குறைவாகவே காய்க்கும். காய்ப்பதில் சாரம் அதிகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேப் பகுதியில் செனின் நெடுங்காலம் பிராந்தி காய்ச்சவும் மலிவு ஒயினுக்கும்தான் போனது. அப்படிச் சீந்துவாரற்றுக் கிடந்த பழைய தோட்டங்களைத் தேடிப் பட்டியலிட்டவர் திராட்சை வளர்ப்பு வல்லுநர் ரோசா குரூகர். இன்று 35 வயதைத் தாண்டிய கொடிகளின் ஒயினுக்கு, நட்ட ஆண்டைக் குறித்துத் தனி முத்திரையே ஒட்டுகிறார்கள்!

நிறத்துக்கு வருகிறேன். தக்கை வழியே மிக மெதுவாக நுழையும் ஆக்சிஜன், ஒயினிலுள்ள பீனாலிக் பொருள்களோடு (நிறமும் துவர்ப்பும் தருபவை) வினைபுரிகிறது. புதுப் புளி நாளாக ஆகக் கருப்பது போல வெள்ளை ஒயினும் பொன்னிறமாகிறது. சிவப்பு ஒயினோ, வயதாக ஆக வெளுக்கும். ஆகவே தேன் நிறம் அந்த வயதுக்கு உரியதுதான். மங்கிய பழுப்பாகி, வெட்டிவைத்த ஆப்பிள் வாடை அடித்தால்தான் கெட்டது என்று பொருள். பாட்டிலின் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி ஏதேனும் மின்னினால் பயப்படாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்புதான் படிந்திருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் நிறத்தைவிடத் தக்கைக்குக் கீழுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். அது வயதுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இதுவரை எங்கே, எந்த வெப்பநிலையில் இருந்தது என்றும் கேளுங்கள். 12, 13 டிகிரி நிலையாக இருந்திருந்தால் நல்லது. விற்பவர் மழுப்பினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.