கறுத்த வெள்ளிக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: பீரோவில் வைத்திருந்த வெள்ளித் தட்டும் டம்ளர்களும் கறுத்துவிட்டன. பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பற்பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துகள்கள் வெள்ளியில் மெல்லிய கீறல்களை உண்டாக்கும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு. அழுத்தித் தேய்த்தால் அதோடு கொஞ்சம் வெள்ளியும் போய்விடும்.

அகலமான பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரியுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த கொதிநீரை ஊற்றி, வெள்ளி தாளைத் தொட்டபடி மூழ்கியிருக்குமாறு வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். வெள்ளி வெள்ளியாகவே மீளும். சில நிமிடங்கள் போதும். அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் பயப்படாதீர்கள். அலசி, உடனே ஈரம் போகத் துடையுங்கள்.

கல் பதித்தவற்றையும், பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு விட்ட நகாசு வேலைகளையும் இதில் போடக் கூடாது. அவற்றுக்குச் சலித்த விபூதியும் மெல்லிய பருத்தித் துணியுமே நல்லது. பாட்டிமார் கைப்பழக்கம் இதில் சரியானதுதான்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். அதிலும் கந்தகம் உண்டு. முட்டை, உப்பு, ஊறுகாய் பட்டால் அன்றே கழுவுங்கள்.

தினமும் புழங்கும் வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை. பீரோவிலிருந்து எடுத்து, அதிலேயே சாப்பிடுங்கள்.