பருப்புத் தண்ணீரும் பருப்பும்: வீட்டுத் தோட்டத்துத் துவரை

நோயுற்றோருக்குப் பருப்புத் தண்ணீரே சிறந்த ஊட்டம் என்னும் நம்பிக்கை நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. வெந்த துவரம்பருப்பின் மேல் தெளிந்து நிற்கும் நீரை இறுத்து, மிளகும் உப்பும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஆனால் புரதத்தின் பெரும்பகுதி அடியில் தங்கும் பருப்பிலேயே உள்ளது. நாள்தோறும் நீரை மட்டும் அருந்துபவருக்குத் தசை வலிமை குன்றும். புண் ஆறுவதும் தாமதமாகும்.

எவ்வளவு புரதம்?

100 கிராம் உலர்ந்த துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஒரு வேளைக்கு 30 கிராம் பருப்பைச் சமைத்தால் 6 முதல் 7 கிராம் வரை கிடைக்கும். அரிசியில் குறைவாயுள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்யும். ஆகவே, பருப்பை நன்கு மசித்துச் சோற்றுடன் பிசைந்து கொடுப்பதே நலம்.

தோட்டத்தில் வளர்த்தல்

கரையான்சாவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கொல்லை உள்ள வீடுகளில் இரண்டு மூன்று துவரைச் செடிகளுக்கு இடம் கிடைக்கும். பவானிசாகரில் உருவாக்கப்பட்ட பி.எஸ்.ஆர். 1 என்னும் பல்லாண்டு இரகம் வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது. ஆடியில், வெயில் நன்கு படும் இடத்தில், 1 மீட்டர் இடைவெளி விட்டு விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே மண்ணை மேடாக அணைத்தல் வேண்டும். துவரை பகற்பொழுது குறையும்போது பூப்பது. தை மாத அளவில் காய்கள் கிடைக்கும். காய்ப்புழுக்களைக் கையால் பொறுக்கி அகற்றுங்கள். நோயாளி உண்ணும் காய் என்பதால் பூச்சிக்கொல்லி வேண்டா.

சமைத்தல்

விதை பருத்தும் தோல் பசுமை மாறாதிருக்கும்போது காயைப் பறித்து உரித்தால் பச்சைத் துவரை கிடைக்கும். அதை மென்மையாக வேகவைத்து, சீரகமும் சிறிது தேங்காயும் அரைத்துச் சேர்த்துக் கூட்டாக்கலாம். மெல்ல இயலாத முதியோருக்கு மசித்துக் கொடுக்கலாம்.

சிறுநீரக நோயாளிகளின் கவனத்திற்கு

100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 1,400 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. சிறுநீரகம் தளர்ந்தோருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். வேகும்போது பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கும். புரதம் பெரும்பாலும் பருப்பிலேயே தங்கும். ஆகவே இவர்களுக்குப் பருப்புத் தண்ணீரும், அதில் வைத்த ரசமும் ஆகா. பருப்பை மிகுந்த நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைத்து அதையும் வடித்துவிடுங்கள். அப்போதும் பொட்டாசியம் முழுதும் நீங்காது.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் புரதத் தேவை கூடுதல். செய்துகொள்ளாதோருக்குப் பெரும்பாலும் அளவு குறைக்கப்படும். எனவே, பருப்பை நீங்களாகவே நிறுத்தவோ கூட்டவோ வேண்டா. அடுத்த முறை வரும்போது இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுவாருங்கள். நோயாளிக்குரிய அளவை நாங்கள் வரையறுத்துத் தருகிறோம்.