பழைய காருக்கு செகண்ட் ஹேண்ட் அலாய் வீல்: தேர்வும் பொருத்தலும்

செகண்ட் ஹேண்ட் அலாய் வீலில் முதலில் பார்க்க வேண்டியது டிசைன் அல்ல, பி.சி.டி. வீலைப் பிடித்திருக்கும் ஸ்டட்களின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டத்துக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 4×100 என்றால் நான்கு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் சான்ட்ரோ, பழைய ஹோண்டா சிட்டி, டொயோட்டா எடியோஸ் எல்லாம் இந்த அளவுதான். அதனால் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.எஸ்.டி. சாலையோர டயர் கடைகளிலும் அதிகம் கண்ணில் படுவது 4×100 வீல்களே. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே செய்யப்பட்ட கார்களுக்கு அவை பொருந்தா. மறைமலை நகர் ஆலையிலிருந்து 1999 இறுதியில் வந்த ஃபோர்டு ஐகான், அடுத்து வந்த ஃபியஸ்டா, 2010இல் வந்த ஃபிகோ ஆகியவற்றின் அளவு 4×108. ஃபோர்டு தன் இந்திய உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. கார்கள் இன்னும் ஓடுகின்றன, வீல்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே ஐகானும் ஃபிகோவும் உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அளவுகளை மாற்றிக்கொண்டால் மற்றப் பழைய கார்களுக்கும் முறை இதுவே.

நான்கு ஓட்டை வீலில் பி.சி.டி.யை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே கணக்கு. 100க்கும் 108க்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வோர் ஓட்டையிலும் 4 மி.மீ. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று ஓட்டையை நீளவாக்கில் அரம் போட்டு மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். நட்டு இறுகவும் செய்யும். ஆனால் நட்டின் கூம்பு முனை தன் குழியில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கமாகவே அழுத்தும். வண்டி ஓட ஓட நட்டு தளரும், அல்லது ஸ்டட் முறியும். இதில் பேரத்துக்கு இடமே இல்லை. வட்டம் பொருந்தாவிட்டால் அந்த வீலை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது நடு ஓட்டை, அதாவது சென்டர் போர். ஃபோர்டு ஹப்புக்கு 63.4 மி.மீ. வேண்டும். ஹோண்டாவுக்கு 56.1, மாருதி ஸ்விஃப்ட், சான்ட்ரோ, எடியோஸ் மூன்றுக்கும் 54.1. ஓட்டை சிறிதானால் வீல் ஹப்பில் ஏறவே ஏறாது. லேத்தில் கடைந்து பெரிதாக்கலாம்தான். வேலை தெரிந்த பட்டறையில், மையம் பிசகாமல் செய்தால் மட்டும் சரி. வெளிச்சந்தை அலாய் பலவற்றில் எல்லாக் காருக்கும் போகட்டும் என்று 73.1 வைத்திருப்பார்கள். அப்போது இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராது. எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். கடலோரத்தில் ஓடும் காருக்கு அலுமினிய ரிங்கைவிட பிளாஸ்டிக் ரிங் மேல். அலுமினிய ரிங் உப்பில் பூத்து ஹப்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஆஃப்செட்டைப் பலர் கேட்பதே இல்லை. வீலின் அகலத்து நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையிலான தூரம் இது. ஆரங்களின் பின்பக்கத்தில் ‘ஈடி 45’ என்பதுபோல் வார்த்திருக்கும். அருகிலேயே அகலமும் இருக்கும், 6ஜே என்றால் 6 அங்குலம். காரில் இருப்பது 6ஜே, ஈடி 45. கடையில் இருப்பது 6.5ஜே, ஈடி 35 என்று வைத்துக்கொள்ளலாம். அரை அங்குலம் அகலம் கூடியதால் இரு பக்கமும் 6 மி.மீ.க்குச் சற்று மேல் வளரும். ஆஃப்செட் குறைந்ததால் வீல் முழுதும் 10 மி.மீ. வெளியே தள்ளும். ஆக, வெளி விளிம்பு 16 மி.மீ. துருத்தும், உள் விளிம்பு ஷாக் அப்சார்பரை விட்டு 4 மி.மீ. விலகும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும். உரசாவிட்டாலும், இருபது வருடம் உழைத்த வீல் பேரிங் இந்தக் கூடுதல் நெம்புகோல் பாரத்தை வெகுநாள் தாங்காது. பழைய காருக்கு 5 மி.மீ. வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 10ஐத் தாண்டினால் வேண்டாம்.

விட்டத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மறைமலை நகரிலேயே தயாரான ஈகோஸ்போர்ட்டும் 4×108தான். அதன் 16 அங்குல அலாய் பழைய ஃபோர்டு ஹப்பில் ஏறும் என்பதால் விற்பவர் தைரியமாகச் சொல்வார். ஆனால் ஈகோஸ்போர்ட்டின் 205/60 ஆர்16 டயரோடு சேர்ந்த விட்டம் 652 மி.மீ.; ஃபிகோவின் 175/65 ஆர்14க்கு 583. கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், கியர் இழுவை செத்துவிடும், ஸ்டியரிங் முழுதாகத் திரும்பாது. 15 அங்குலத்துக்குப் போவதென்றால் 185/55 ஆர்15 போடலாம், விட்டம் 584.5, பழையதோடு ஒத்துப்போகிறது. 195/55 ஆர்15 என்றால் 595.5, 2 சதவீதம் கூடுதல், எல்லையோரம். இருந்தாலும் 14 அங்குலத்திலேயே நிற்பது புத்திசாலித்தனம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரும் வழியில் ஜல்லி லாரி தோண்டிவைத்த பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது டயரின் பக்கச் சுவரின் உயரம்தான். 175/65ல் அது 114 மி.மீ.; 185/55ல் 102.

அளவு தெளிவான பிறகு எதை வாங்குவது என்ற கேள்வி வருகிறது. முதலாவது, அதே மாடலின் உயர் வகையிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய். வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட், நட்டு என்று எதைப் பற்றியும் கவலை இல்லை. எடை தாங்கும் திறனும் அந்தக் காருக்கென்றே கணக்கிட்டது. டிசைன் பழசாகத் தெரியும், அவ்வளவுதான். நான்கும் ஒரே செட்டாகக் கிடைத்தால் விலை கூடினாலும் இதுவே முதல் தேர்வு. இரண்டாவது, 4×108க்கென்றே வார்த்த வெளிச்சந்தை அலாய். இதன் தரம் தயாரிப்பாளரைப் பொறுத்தது. உட்புறத்தில் ஜப்பானியத் தரக்குறிகளான ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. எழுத்துகளும், ஒரு வீல் தாங்கும் எடை கிலோ கணக்கிலும் பொறித்திருந்தால் பேச்சைத் தொடரலாம். எதுவுமே இல்லாத வீல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதற்கில்லை. மூன்றாவது, எட்டு ஓட்டை போட்ட இரட்டை பி.சி.டி. அலாய். 4×100, 4×108 இரண்டும் ஒன்றிலேயே இருக்கும். எட்டு ஓட்டைகள் இருப்பதால் அவற்றுக்கு நடுவே உலோகம் குறைவு. வேறு வழியில்லாதபோது மட்டும் யோசிக்கலாம்.

நான்காவது வழியைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்: இருக்கும் எஃகு டிஸ்க்கையே சாண்ட் பிளாஸ்ட் செய்து பவுடர் கோட்டிங் கொடுப்பது. அழகில் அலாய்க்கு ஈடாகாது. ஆனால் எஃகு பள்ளத்தில் விழுந்தால் வளையும், அடித்து நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் அதே அடியில் வெடிக்கக்கூடும். அலாய் என்றால் எடை குறைவு என்ற நம்பிக்கையும் மலிவான வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் வீண், தராசில் வைத்தால் தெரிந்துவிடும். நல்ல கம்பெனி அலாய் அகப்படும்வரை டிஸ்க்கிலேயே ஓட்டுவதில் குறை ஒன்றுமில்லை.

கார் எங்கே நிற்கிறது என்பதும் தேர்வை மாற்றும். செங்கல்பட்டு நகரம் கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அங்கே எந்தப் பூச்சும் தாக்குப்பிடிக்கும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இரவெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் காருக்கு நிலைமை வேறு. அங்கே டயமண்ட் கட் எனப்படும் பளபள முகம் கொண்ட அலாயைத் தவிர்ப்பது நல்லது. கடைந்தெடுத்த வெற்று அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய கிளியர் கோட் மட்டுமே அதற்குக் காப்பு. ஒரு சிறு கல் தெறித்தால் போதும், அந்த இடத்தில் உப்பு நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடும். முழுக்கப் பெயின்ட் அடித்த சாம்பல், கறுப்பு வீல்கள் பல மடங்கு உழைக்கும். வெள்ளிக்கிழமை தோறும் போர் தண்ணீரில் கழுவுவதும் பயன் தராது. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் கரிப்பு, காய்ந்ததும் அதுவே உப்பைப் படியவிடும்.

கடையில் வீலைச் சோதிப்பதற்கு முதல் நிபந்தனை, டயரைக் கழற்றிப் பார்ப்பது. முன்முகத்துக் கீறல்கள் பார்வைக்குத்தான் குறை. ஆபத்து உள்பக்கத்தில் இருக்கிறது: உள் விளிம்பின் வளைவு, ஆரம் ரிம்மோடு சேரும் இடத்து விரிசல், நட்டுக் குழிகளின் தேய்மானம். வீலைத் தரையில் நிறுத்தி மரக்கட்டையால் தட்டினால் நல்ல வீல் கணீரென்று ஒலிக்கும், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் கல்லைத் தட்டி ஓசை பார்ப்பதுபோல. ஆனால் ஓசை நன்றாக இருந்தாலும் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம். சந்தேகமான இடத்தில் டீசல் தடவிப் பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் போதும். விரிசலுக்குள் போன டீசல் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கறுப்பு இழையாகத் தெரியும்.

பிறகு பேலன்ஸிங் மெஷினில் மாட்டி, ரிம் விளிம்பருகே ஓர் ஊசியை நிலையாகப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் வேண்டாம். ‘பெண்டு எடுத்துக் கொடுத்துடறோம்’ என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது. அலாய் வீலுக்கு உறுதி கொடுப்பது ஆலையில் செய்யும் வெப்பப் பதப்படுத்தல். கேஸ் வெல்டிங் தீயில் காட்டி நிமிர்த்தும்போது அந்தப் பதம் போய்விடும். வீல் வட்டமாகத் தெரியும், பலம் இருக்காது. வெல்டிங் வைத்த தடம், ஒரே இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், மூன்று ஒரு மாதிரியும் நான்காவது வேறு நிறத்திலும் இருப்பது ஆகியவை விபத்துக் காரின் அடையாளங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரின் வீல் என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். கழுவிச் சோதித்தால் வீலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது அந்தக் காரின் பேரிங்குக்கும் மின்சார வயர்களுக்கும்தான்.

டயரோடு வாங்கினால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் கடந்த டயருக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரசீது கேட்டு வாங்குவதும் அவசியம். திருட்டு வீல் சந்தைக்கு வருவது புதிதல்ல.

மாட்டும்போது கவனம் ஹப்பிலிருந்து தொடங்குகிறது. வயர் பிரஷ்ஷால் துருவை முழுக்க உரித்து, ஹப்பின் நடு உதட்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவலாம். எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பஞ்சரான நாளில் வீல் கழலாது. ஸ்டட் மறையிலும் நட்டுக் குழியிலும் கிரீஸ் படக் கூடாது, பட்டால் இறுக்கம் கணக்கு மீறும். டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பூப்பு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே டயர் ஏற்ற வேண்டும். வாரம் ஒருமுறை காற்றிறங்கும் கடலோரக் கார்களின் வீலைப் பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கினால் குமிழி பல சமயம் இந்த விளிம்பிலிருந்துதான் வரும். ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடலாம்.

நட்டிலும் வகை உண்டு. ஃபோர்டில் எம்12×1.5 மறை, கூம்பு முனை. ஹோண்டாவின் கம்பெனி நட்டு அதே மறை, ஆனால் உருண்டை முனை. கூம்புக் குழியில் அது சரியாக உட்காராது. ஸ்விஃப்ட் நட்டின் மறை 1.25, ஏற்றவே கூடாது. ஏர் கன் வைத்து ஏற்றினால் ஸ்டட் காலி. அலாயின் மையப்பகுதி டிஸ்க்கைவிடத் தடிமன். அதனால் கையால் சுற்றும்போது நட்டு எட்டுச் சுற்றாவது ஏறுகிறதா என்று எண்ண வேண்டும். எட்டுச் சுற்றுதான் 12 மி.மீ. பிடிமானம். முதலில் கையால், பிறகு எதிரெதிராக, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால் கார் புத்தகம் சொல்லும் அளவுக்கு. இவ்வகைக் கார்களுக்கு அது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அலைன்மெண்ட்டையும் அதோடு முடித்துவிடலாம்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போது மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் கேள்வியைக் கிளப்பும். கம்பெனி அளவு அலாயில் இந்தத் தொல்லை வராது. வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.

ஸ்டெப்னி பழைய டிஸ்க்காகவே இருக்கட்டும். அலாய்க்கு வேறு நட்டு போட்டிருந்தால் டிஸ்க்கின் நான்கு நட்டையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைக்க வேண்டும். லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவியும் அதே டப்பாவில் இருக்கட்டும்.