அரைத்த இறைச்சியில் சிக்கனமான குடும்ப உணவு

மனைப்பொருளியல் – க.பொ.த. (சாதாரண தரம்)
பகுதி: குடும்பத்துக்கான உணவு திட்டமிடல்



"சிக்கனமான உணவு வேளை ஒன்றைத் திட்டமிடும்போது கவனிக்க வேண்டியவை யாவை?" என்று கேட்டால் உங்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரியாக எழுதுவீர்கள். மலிவான பொருள்களைத் தெரிவு செய்தல், பருவகால மரக்கறிகளைப் பயன்படுத்தல், வீண்விரயத்தைத் தவிர்த்தல் என்பனவே அந்த விடை. இதில் பிழை எதுவுமில்லை. ஆனால் எந்தப் பொருள், எவ்வளவு, என்ன காரணத்துக்காக என்பவை இல்லாவிட்டால் அது மனனம் செய்த விடையாகவே நிற்கும். ஆகவே இப்பாடத்தில் அரைத்த இறைச்சி என்ற ஒரு பொருளை மாத்திரம் எடுத்து, அதை முழுமையாகப் பார்ப்போம். கடைகளில் இதை 'மின்ஸ்' என்பார்கள்.

ஏன் இந்தப் பொருள்?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அக்காலத்தில் பல வீடுகளில் முதலில் கைவிடப்பட்டவை இறைச்சியும் மீனும் முட்டையுமே. வளரும் பிள்ளைகளுக்கு இவை இல்லாமற் போவது சிறிய விடயம் அல்ல. முற்றாகக் கைவிடுவதா, குறைத்துக்கொண்டு தொடர்வதா என்ற கேள்விக்கு அரைத்த இறைச்சி ஒரு நல்ல பதிலாகும்.

அரைத்த இறைச்சி கிலோ விலையில் எப்போதும் மலிவானது என்று எழுதிவிடாதீர்கள். எலும்பில்லாத இறைச்சியை அரைத்தால் அது கூடுதல் விலையாகவும் இருக்கலாம். அதன் சிக்கனம் வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்து, கால் போன்ற பகுதிகளின் இறைச்சி கடினமானது. துண்டாகச் சமைத்தால் நீண்ட நேரம் அவிய வேண்டும். அரைக்கும்போது அந்தத் தசைநார்கள் குறுகலாக வெட்டப்படுவதால் விரைவில் மென்மையாகும், எரிபொருளும் மிச்சமாகும். பருப்பு, கிழங்கு, மரக்கறி எதனோடும் அது கலந்துவிடும். இறைச்சியின் சுவை முழுக் கறியிலும் பரவும்.

இன்னொரு காரணமும் உண்டு. துண்டுக் கறி வைக்கும் வீடுகளில் துண்டுகள் எண்ணித்தான் பரிமாறப்படும். அப்பாவுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் துண்டுகள் போகும். கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்குக் குழம்பு மிஞ்சும். மாதவிடாய் காரணமாக இரும்புச்சத்தை இழக்கும் கட்டிளமைப் பருவப் பெண்பிள்ளைக்கும் தாய்க்கும்தான் அந்த இறைச்சி அதிகம் தேவை. அரைத்த இறைச்சிக் கறியில் எந்த அகப்பையை எடுத்தாலும் அதில் இறைச்சி இருக்கும். என் கருத்தில் இதன் மிகப் பெரிய நன்மை இதுதான். "குடும்ப அங்கத்தவர் அனைவருக்கும் சமமாகப் பகிரக்கூடியது" என்று எழுதி, அதற்கான காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கணக்கு

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுப்போம். சமைக்காத இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும், உலர்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும் உண்டு.

எலும்பில்லாத இறைச்சி 500 கிராம் சமைத்தால்: புரதம் 100 கிராம், ஒருவருக்கு 20 கிராம்.

அரைத்த இறைச்சி 250 கிராமும் பருப்பு 100 கிராமும் சமைத்தால்: 50 + 24 = 74 கிராம், ஒருவருக்கு ஏறத்தாழ 15 கிராம்.

கவனியுங்கள். இறைச்சியின் அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. புரதம் கால் பங்கு அளவிலேயே குறைந்தது. இரண்டு முட்டைகளை அடித்துக் கலந்தால் மேலும் 12 கிராம் சேரும். சோற்றிலுள்ள புரதம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அளவு மட்டுமன்றித் தரமும் காக்கப்படுகிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெதியோனின் குறைவு. அதை அரிசி ஈடுசெய்யும். இறைச்சியில் இரண்டும் உண்டு. அத்துடன், இறைச்சியிலுள்ள ஹீம் இரும்பு உடலில் இலகுவாக அகத்துறிஞ்சப்படும். அதே வேளையில் உண்ணும் பருப்பு, கீரை என்பவற்றிலுள்ள இரும்பை அகத்துறிஞ்சவும் இறைச்சி உதவும். எனவே சிறிதளவு இறைச்சிகூட முழுச் சாப்பாட்டின் பயனையும் உயர்த்துகிறது. ஆனால் சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அதிலுள்ள தனின் இந்த அகத்துறிஞ்சலைத் தடுக்கும். இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

வினாவில் 'சைவ உணவு உண்ணும் குடும்பம்' என்று ஒரு சொல் இருந்தால் நிலைமை மாறிவிடும். அவசரத்தில் அதை வாசிக்காமல் இறைச்சிக் கறி எழுதுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அப்போது சோயா மீற் எழுதலாம். உலர்ந்த நிலையில் அதன் எடையில் ஏறத்தாழ பாதி புரதமாகும். சுடுநீரில் ஊறவைத்து, பிழிந்து, கொத்தி எடுத்தால் அரைத்த இறைச்சி போலவே பயன்படும். அசைவக் குடும்பத்துக்கும் பாதி இறைச்சி, பாதி சோயா என்று கலக்கலாம்.

வாங்குதல்

ஏற்கனவே அரைத்து வைத்திருப்பதை வாங்குவதிலும், துண்டைத் தெரிவு செய்து நம் கண்முன்னே அரைப்பித்து எடுப்பது சிறந்தது. கொழுப்பு எவ்வளவு, எப்போது அரைத்தது என்பவை அப்போதுதான் தெரியும். அரைக்கும் இயந்திரம் சுத்தமாக உள்ளதா என்றும் பாருங்கள். வீட்டில் கூரிய கத்தியால் கொத்தியும் எடுக்கலாம். இறைச்சியைச் சிறிது உறையவைத்தபின் கொத்தினால் வழுக்காது.

அரைத்த இறைச்சியைக் கழுவக்கூடாது. நீரில் கரையும் போசணைகளும் சுவையும் ஓடிவிடும். தெறிக்கும் நீர் பற்றீரியாவைப் பக்கத்திலுள்ள பாத்திரங்களுக்குக் கொண்டுசெல்லும்.

அரைத்த இறைச்சிப் பருப்புக் கறி (5 பேருக்கு)

அரைத்த இறைச்சி 250 கிராம், மைசூர்ப் பருப்பு 100 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, கரட் 1, உள்ளி 5 பல், இஞ்சி சிறு துண்டு, கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, தேங்காயின் இரண்டாம் பால் ஒரு கோப்பை, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி, கறிவேப்பிலை, றம்பை, உப்பு.

பருப்பை உருவம் குலையாமல் முக்கால் பதத்துக்கு அவித்து, நீரை வடித்து வையுங்கள். அந்த நீரை ஊற்றிவிட வேண்டாம். பின்னர் கறிக்குத் தேவைப்படும். அகன்ற தாச்சியை நன்கு சூடாக்கி எண்ணெய் விட்டு, இறைச்சியை இரண்டு தடவையாகப் போட்டுப் பிரட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தாச்சியின் சூடு இறங்கி, இறைச்சி நீர்விட்டு அவியும், பொன்னிறமாக வராது. கறியின் வாசனையும் சுவையும் இந்தப் பொன்னிறத்தில்தான் இருக்கின்றன. மேலே மிதக்கும் அதிகக் கொழுப்பை வடித்துவிட்டு, மீதியிலேயே வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, றம்பை என்பவற்றை வதக்குங்கள். வேறு எண்ணெய் தேவையில்லை.

பின் கறித்தூளைப் போட்டுச் சில விநாடிகள் பிரட்டி, தக்காளி, துருவிய கரட், பருப்பு அவித்த நீர் என்பவற்றைச் சேர்த்து மூடி 15 நிமிடம் மெல்லிய நெருப்பில் அவியவிடுங்கள். அதன்பின் பருப்பு, உப்பு, இரண்டாம் பால் சேர்த்து வற்றவிட்டு, இறக்கும் தறுவாயில் பெருஞ்சீரகத்தூளைத் தூவுங்கள். தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விட வேண்டும். விற்றமின் சி வெப்பத்தில் அழியும் என்பதே காரணம். இந்த விற்றமினும் இரும்பு அகத்துறிஞ்சலுக்கு உதவும்.

சோறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் என்பவற்றோடு பரிமாறினால் ஒரு சமநிலையான மதிய உணவாகும்.

பாதுகாப்பு – இதை மறந்தால் சிக்கனத்தில் பயனில்லை

முழு இறைச்சித் துண்டில் பற்றீரியா பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைக்கும்போது மேற்பரப்பு பல மடங்கு கூடுவதோடு, வெளியே இருந்தது உள்ளேயும் கலந்துவிடுகிறது. ஆகவேதான் அரைத்த இறைச்சி விரைவில் பழுதடைகிறது. கட்லட் போன்றவற்றின் நடுப்பகுதி வரை வெப்பம் செல்ல வேண்டியதும் இதனாலேயே. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக்கு 71 பாகை செல்சியஸ், கோழி இறைச்சிக்கு 74 பாகை செல்சியஸ் என்ற வெப்பநிலைகளை நினைவில் வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வாங்கிய உடனேயே சமைக்க வேண்டும். பெட்டி இருந்தால் 4 பாகை செல்சியஸில் அல்லது அதற்குக் கீழே ஒன்று, இரண்டு நாட்கள் மட்டும் வைக்கலாம். உறையவைப்பதாயின் ஒரு வேளைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து, தட்டையாக்கி வையுங்கள். உருகவைப்பது பெட்டியின் கீழ்த் தட்டில். அடுக்களை மேசையில் அல்ல.

மிகுந்த கறி

மிகுந்த கறிகளை ஒன்றாக்கிச் சூடாக்கி வற்றவைத்த சுண்டக்கறியின் ருசியை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பகல் முழுவதும் வெளியில் இருந்த இறைச்சிக் கறியை இரவில் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தவறு. சில பற்றீரியாக்கள் உண்டாக்கும் நச்சுப்பொருள்கள் கொதித்தாலும் அழியா. சமைத்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் குளிரூட்டி, அடுத்த வேளை ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு தடவையில் முடித்துவிட வேண்டும்.

குளிரூட்டிய கறியை நன்கு வற்றவைத்தால் அடுத்த நாள் றொட்டிக்கு உள்ளீடாகும். அவித்து மசித்த உருளைக்கிழங்கு அல்லது ஈரப்பலாக்காயுடன் பிசைந்தால் கட்லட். பொரிக்கும்போது கட்லட் உடைந்தால் பெரும்பாலும் உள்ளீட்டில் ஈரம் கூடிவிட்டது என்றே பொருள். நேற்றைய பாணை உதிர்த்துச் சேருங்கள். தோய்ப்பதற்கு முட்டைதான் வேண்டும் என்பதில்லை. கோதுமை மாவை நீரில் கரைத்துத் தோய்த்து, பாண் தூளில் பிரட்டினாலும் போதும்.

பயிற்சி வினா

தந்தை, தாய், 15 வயது மகள், 12 வயது மகன், 70 வயதுப் பாட்டி ஆகியோர் கொண்ட குடும்பத்துக்கு 250 கிராம் அரைத்த கோழி இறைச்சி மட்டுமே கிடைத்துள்ளது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை.

1. இக்குடும்பத்துக்குப் பொருத்தமான மதிய உணவு வேளை ஒன்றைத் திட்டமிடுக.
2. அவ்வுணவில் மகளுக்கும் பாட்டிக்கும் பொருத்தமான இரு சிறப்பம்சங்களைக் காரணத்துடன் எழுதுக.
3. இறைச்சியை வாங்கியது முதல் பரிமாறும் வரை கவனிக்க வேண்டிய மூன்று பாதுகாப்பு விடயங்களை விளக்குக.

குறிப்பு: இரண்டாம் வினாவில் பாட்டியின் பற்களையும் யோசியுங்கள். மூன்றாம் வினாவில் 'உறையவைத்தல்' என்று எழுதினால் அவ்விடை பொருந்தாது. வினாவின் கடைசி வாக்கியத்தை மீண்டும் வாசியுங்கள்.